பம்பாய் யூதர் பள்ளிகளில் பொதுக்கல்வி

நெருளில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று மீளும் தமிழர் நம்மில் பலர் உண்டு. வாஷிப் பாலம் கடந்து, செம்பூர், குர்லா, வடாலா என ஒவ்வொன்றாய்க் கழிந்தபின், பயணம் முடியுமுன் டாக்யார்டு ரோடு என்னும் நிலையம் ஒன்று வரும். அந்நேரத்தில் நம்மிற் பலர் உறக்கத்தில் இருப்போம். அந்நிலையத்தை அடுத்த மஜகாவ் பகுதியில் சர் எல்லி கதூரியின் பெயரால் ஒரு பள்ளி விளங்குகின்றது. 1875-ஆம் ஆண்டில் 'இஸ்ரேலியர் பள்ளி' என்னும் பெயருடன் தோன்றிய பள்ளியே அது. அதனைக் கடந்து இரண்டாம் நிலையம் மஸ்ஜித். அப்பெயர் இஸ்லாமியரின் பள்ளிவாசலைக் குறிப்பதென்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால், 1796-இல் சாமுவேல் திவேகர் என்னும் யூதப் படைத்தலைவர் அப்பகுதியில் எழுப்பிய தொழுகை இல்லத்தாலேயே அப்பெயர் வந்தது என்று அவ்வட்டாரத்தில் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அவ்யூதர்கள் தம் தொழுகை இல்லத்தையும் மஸ்ஜித் என்றே அழைத்தனர். திவேகர் மைசூர்ப் போரிலே திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிர் மீண்டவர் என்பதும், அதற்கு நன்றியாகவே அவ்வில்லத்தை எழுப்பினார் என்பதும் மரபு.

இம்மக்கள் தம்மைப் 'பெனே இஸ்ரேல்', அதாவது இஸ்ரேலின் மக்கள், என்று கூறிக்கொள்வர். பன்னெடுங்காலத்துக்கு முன்னர் கொங்கணக் கரையில் அலிபாகுக்கு அருகே நவ்காவ் என்னுமிடத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமாகக் கரையேறியோரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. செக்காட்டி எண்ணெய் எடுப்பது அவர்களுடைய தொழிலாயிற்று. சனிக்கிழமையன்று செக்குக்கு ஓய்வளித்தமையால் அயலார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று வழங்கினர். எபிரேய மொழி அவர்களிடையே ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஒன்றிரண்டு மந்திரச் சொற்களும், ஓய்வுநாளும், விருத்தசேதனமும், சில உணவு விலக்குகளும் எஞ்சி நின்றன. வீட்டு மொழி மராத்தி. ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதும் மராத்தியர் வழக்கே. கிஹிம் ஊரார் கெஹிம்கர் ஆயினர். ராஜ்புரியார் ராஜ்புர்கர் ஆயினர். திவே ஊரார் திவேகர் ஆயினர். ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெயருக்குமுன் சுமந்து திரியும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

யூதர் பள்ளிகளின் வரலாற்றை உலகளவில் நோக்கின், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம். நாளின் நேரத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் எபிரேயமும் வேதமும், மறுபாதியில் கணக்கு, பூகோளம், நாட்டு மொழி, இயற்கை நூல் ஆகிய பொதுப்பாடங்களும் கற்பித்தல் தகுமா என்பதே அக்கேள்வி. பெர்லினில் 1778-இல் நிறுவப்பட்ட யூத இலவசப் பள்ளி பொதுப்பாடங்களுக்கு இடமளித்தது. 1782-இல் ஆஸ்திரிய மன்னர் இரண்டாம் ஜோசப் யூதருக்குச் சில உரிமைகள் வழங்கி அரசுமுறைக் கல்வியையும் வற்புறுத்தியபோது, நஃப்தலி ஹெர்ஸ் வெஸ்லி என்னும் அறிஞர், மனிதர்க்குரிய கல்வி வேதக் கல்விக்கு முற்பட்டது என்று எழுதினார். மதகுருமார் பலர் சினங்கொண்டனர். பொதுப்பாடம் நுழைந்தால் சமயம் வெளியேறும் என்பது அவர்களது அச்சம். ஐரோப்பிய யூதர் பலருக்கு இவ்வழக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

பம்பாயில் இவ்வழக்கு எழவில்லை. எழுவதற்கு அங்கு இடமே இல்லை. ஐரோப்பிய யூதரிடம் வேதக் கல்வி நிறைந்திருந்தது. பொதுக்கல்வி வாயிலில் காத்து நின்றது. பெனே இஸ்ரேலருக்கோ பொதுக்கல்வி முதலில் வந்தது. தம் சமயமொழி பின்னர், அப்பொதுக்கல்வியின் கைபிடித்தே, திரும்பி வந்தது. இதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

அமெரிக்கப் பாதிரிமார் 1813-இல் பம்பாயில் வந்திறங்கினர். நகரிலும் கொங்கணக் கரை ஊர்களிலும் மராத்திப் பள்ளிகள் திறந்தனர். அவற்றிற் பெனே இஸ்ரேல் சிறுவர் பயின்றனர். அவர்களிற் சிலர் ஆசிரியராகவும் அமர்ந்தனர். 1829-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சன் வந்தார். அவர் பெயரால் வழங்கும் வில்சன் கல்லூரியின் தொடக்கம் 1832-ஆம் ஆண்டினது. அவ்வாண்டிலேயே அவர் எபிரேய இலக்கணம் ஒன்றை மராத்தி மொழியில் வெளியிட்டார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நூலைப் பற்றி நினைக்குந்தோறும் வியப்பு நீங்குவதில்லை. யூதருக்கு அவர்தம் மூதாதையர் மொழியைக் கிறித்தவப் பாதிரியார் ஒருவர் மராத்தியின் வாயிலாகக் கற்பிக்கின்றார்! அவர் கருதிய பயன் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. விளைந்ததோ வேறு. மதம் மாறியோர் மிகச் சிலரே. ஏனையோர் பாதிரிமார் மராத்தியில் பெயர்த்த பழைய ஏற்பாட்டைப் படித்துத் தம் முன்னோர் கதையை அறிந்தனர். எபிரேய எழுத்தைக் கற்றுத் தம் தொழுகை இல்லத்துக்கே திரும்பினர். இதே காலத்தில் கொச்சியிலிருந்து வந்த யூதர்கள் அவர்களுக்குச் சடங்கு முறைகளைக் கற்பித்தனர். 1846-இல் பாஸ்கா பண்டிகைக்குரிய ஹகதா நூல் மராத்தி மொழிபெயர்ப்புடன் பம்பாயில் அச்சாயிற்று. 1874-இல் படங்களுடன் கூடிய மற்றொரு பதிப்பு பூனாவில் வெளிவந்தது. கற்பித்தவரின் நோக்கம் ஒன்று, கற்றவரின் பயன் வேறொன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது.

இனி அரசினரின் பங்கைக் காண்போம். 1854-இல் சார்லஸ் உட் என்பார் அனுப்பிய கல்விக் கடிதம் இந்தியக் கல்வி வரலாற்றில் புகழ்பெற்றது. தனியார் பள்ளிகளுக்கு அரசினர் மானியம் அளிக்கலாம் என்றும், அம்மானியம் பள்ளி தரும் உலகியற் கல்வியின் தரத்தைப் பொறுத்தது என்றும், அங்குக் கற்பிக்கப்படும் சமயக் கோட்பாடுகளில் பரிசோதகர் தலையிடார் என்றும் அது விதித்தது. 1857-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும், மெட்ரிகுலேஷன் தேர்வு பள்ளிகள் அனைத்துக்கும் இலக்காயிற்று. இவ்விரு ஏற்பாடுகளின் விளைவு யாதெனில், எச்சமூகத்தார் பள்ளி தொடங்கினாலும் அதன் பொதுப்பாடம் ஏறத்தாழ ஒன்றே. கணக்கு, ஆங்கிலம், வரலாறு, பூகோளம், நாட்டு மொழி ஆகியவற்றுக்குப் பரிசோதகர் வருவார், மானியமும் வரும். சமூகத்தார் தமக்கென்று சேர்த்துக்கொள்ளும் பாடத்துக்கு அவர்களே காவல், அவர்களே செலவு.

இச்சூழலில்தான் ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் இஸ்ரேலியர் பள்ளியை 1875-இல் நிறுவினார். லண்டனில் 1871-இல் அமைந்த ஆங்கிலோ-யூத சங்கம் அதற்குப் பொருளுதவி செய்தது. கெஹிம்கர் வெறும் பள்ளி நிறுவுநர் அல்லர். தம் மக்களின் வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவரும் அவரே. 1897-இல் எழுதி முடித்த அந்நூல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1937-இல் டெல் அவிவ் நகரில் அச்சேறியது. அவர் பள்ளி தொடங்கிய காரணம் எளியது. தம் சமூகத்துப் பிள்ளைகள் பாதிரிமார் பள்ளிகளில் பொதுப்பாடம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தனர். எனினும் எபிரேயத்துக்கு அங்கே உறுதியான இடம் இல்லை. ஆதலின், பொதுப்பாடம் முழுவதையும் குறையாது வைத்துக்கொண்டு, அதனுள் எபிரேயத்துக்கு ஓரிடம் தேடும் பள்ளியாக இஸ்ரேலியர் பள்ளி அமைந்தது. பொதுப்பாடம் குறைந்திருந்தால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியிரார். எழுத்தர் வேலை, ரயில்வே, தபால், படை, மருத்துவமனை ஆகியவற்றை நம்பி வாழத் தொடங்கிய சமூகம் அது. பிற்காலத்தில் மாதுங்காவில் வந்து குடியேறிய நம் முன்னோரும் அவ்வாறே சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் நம்பி வந்தவர்கள் அல்லரோ!

அந்நகரில் வேறொரு யூதர் பிரிவும் இருந்தது. பாக்தாதிலிருந்து வந்த டேவிட் சசூனும் அவரைச் சூழ்ந்த வணிகரும் செல்வத்திற் சிறந்தோர், அரபு பேசியோர். மராத்தி பேசும் பெனே இஸ்ரேலரை அவர்கள் தமக்கு நிகராகக் கருதவில்லை. பொது இடுகாட்டின் நடுவே பிரிவுச்சுவர் வேண்டுமென்று 1836-இலேயே அரசினருக்கு மனுச் செய்தனர். ஆயினும் சசூன் நிறுவிய கல்விச்சாலையில் நெடுங்காலம் தலைமையாசிரியராய் அமர்ந்தவர் ஜோசப் எசக்கியேல் ராஜ்புர்கர் என்னும் பெனே இஸ்ரேலரே. செல்வரின் பிள்ளைகளுக்கும் கற்றறிந்த ஆசிரியர் தேவை; கல்வி அச்சுவரைப் பொருட்படுத்தவில்லை. ராஜ்புர்கர் யூதத் தொழுகை நூல்களை மராத்தியில் பெயர்த்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எபிரேயத் தேர்வாளராகவும் பணிபுரிந்தார்.

இப்பல்கலைக்கழகச் செய்தி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இதுவே அவ்வரலாற்றின் திருப்பம் என்பது நம் கருத்து. சமஸ்கிருதம், பாரசீகம், இலத்தீன் போன்று எபிரேயமும் தேர்வுக்குரிய செம்மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டபின், அது சமூகத்தாரின் தனிப்பாடம் என்னும் நிலையினின்று உயர்ந்தது. மதிப்பெண் பெற்றுத் தரும் பாடமாயிற்று. பெற்றோர் பார்வையில் மதிப்பெண் இல்லாப் பாடத்துக்கும் மதிப்பெண் உள்ள பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியோர் எவரும் அறிவர்.

அக்கல்வியின் பயனைக் காண விரும்புவோர் ரெபேக்கா ரூபனின் வாழ்க்கையை நோக்கலாம். 1889-இல் பிறந்த இவ்வம்மையார் 1905-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் பம்பாய் மாகாணத்திலேயே முதலிடம் பெற்றார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. பின்னர் இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சியும், கேம்பிரிட்ஜில் எபிரேயமும் பயின்றார். 1922-இல் இஸ்ரேலியர் பள்ளியின் தலைமையை ஏற்று, 1950 வரையில் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அதனை நடத்தினார். அவர் காலத்திலேயே, பாக்தாதிற் பிறந்து பம்பாய் வழியாகக் கீழ்த்திசை சென்று ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய சர் எல்லி கதூரி அளித்த கொடையால் அப்பள்ளி மஜகாவில் நிலைபெற்று அவர் பெயரைப் பூண்டது. பொதுப்பாடத்தில் மாகாண முதன்மை, எபிரேயத்தில் கேம்பிரிட்ஜ்ப் பயிற்சி. நாளின் இரண்டு பாதிகளும் ஒருவரிடத்தே பகையின்றிக் கூடி நின்றன. ஐரோப்பிய மதகுருமாரின் அச்சத்துக்கு இதனினும் தக்க விடை யாதுளது?

விடுதலைக்குப் பின் பொதுப்பாடம் மாகாண அரசின் கையிலிருந்து மாநில அரசின் கைக்கு மாறிற்று. 1967-இல் பூனாவில் பாலபாரதி என்னும் பாடநூல் நிறுவனம் அமைந்தது. நான்காம் வகுப்பு வரலாற்றுப் பாடமாகச் சத்ரபதி சிவாஜியின் வாழ்க்கை 1970 முதல் வழங்கி வருகின்றது. நெருளில் அரசுப் பாடத்திட்டத்திற் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் அதனையே படிக்கின்றனர். யூதப் பள்ளிப் பிள்ளைகளும் அதனையே படித்தனர். ஆயினும் இருவரும் படிப்பது ஒன்றன்று. அலிபாகின் கடற்கோட்டையும் ராய்கட் மலையும் நம் பிள்ளைகளுக்குப் பாடநூற் படங்கள். பெனே இஸ்ரேல் பிள்ளைக்கோ அவை பாட்டனார் செக்காட்டிய ஊரின் எல்லைகள். பழைய கொலாபா மாவட்டமே 1981 முதல் ராய்கட் மாவட்டம் என வழங்குகின்றது. அரசினரின் பொதுப்பாடத்திலேயே அவர்களுடைய சொந்த மண் இருந்தது. இல்லாதது எபிரேயம் ஒன்றே. நம் நிலை அதுவன்று. நம் பிள்ளைகளின் பொதுப்பாடத்தில் காவிரியும் வைகையும் பூகோளத்தின் ஓரிரு வரிகளே.

இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றியது. பெனே இஸ்ரேலர் ஆயிரக்கணக்கில் புறப்பட்டனர். அங்கே 1960-களின் தொடக்கத்தில் அவர்களுடைய யூதத் தன்மையையே ஐயுற்று, மணவினைக்குத் தடை கூறினர் சில மதகுருமார். போராட்டத்தின் பின், 1964-இல் அந்நாட்டுச் சட்டசபை அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதரே என்று அறிவித்தது. 1951-இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இந்திய யூதர் தொகை, 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்குக் குறைந்திருந்தது.

பள்ளிகள் என்னவாயின? அவை மூடப்படவில்லை. அரசு உதவிபெறும் பள்ளி, சமயம் காட்டி எவரையும் மறுத்தல் இயலாது என்பது நம் அரசியலமைப்பின் 29-ஆம் விதி. விரும்பாதோரைச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்பது 28-ஆம் விதி. யூதப் பிள்ளைகள் குறையக் குறைய அயலார் பிள்ளைகள் நிறைந்தனர். பைகுல்லாவில் மாகேன் டேவிட் தொழுகை இல்ல வளாகத்திலுள்ள சசூன் பள்ளிகளில் இன்று பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். மஜகாவ்ப் பள்ளியிலும் யூதரல்லாதாரே மிகுதி. கல்கத்தாவில் 1881-இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியின் கதையும் இதுவே. அயல்நாட்டிலிருந்து வரும் செய்தியாளர்கள் இதனை ஒரு விந்தையாக எழுதிச் செல்கின்றனர். நமக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. அரசினர் காவலில் இருந்த பாடம் நின்றது. குடும்பங்களின் காவலில் இருந்த பாடம் குடும்பங்களோடு கப்பலேறியது. அவ்வளவே.

இவ்விடத்தில் நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுதல் முறை. மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராகிய நாம் பகலெல்லாம் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே உழல்கின்றோம். அம்மேசையில் தமிழுக்கு வேலையில்லை. மாலையில் நெருள் திரும்பினால், பத்து வயது மகள் மராத்திப் பாடத்தை ஒப்பிக்கின்றாள். மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அதில் நமக்குக் குறையில்லை. வாழும் நாட்டின் மொழியை அறியாதிருத்தல் வெட்கம். ஆனால் ஊரிலிருந்து அவள் பாட்டி எழுதும் கடிதம் வந்தால், அதனை நாம் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கின்றது. 'அப்பா, ஆத்தா இதிலே என்ன எழுதியிருக்காங்க?' என்று அவள் கேட்கும்போது, ஒரு மொழிபெயர்ப்பாளன் வீட்டிலும் இந்நிலையா என்று மனம் குன்றுகின்றது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்புக்கு அனுப்புகின்றோம். தேர்வு நெருங்கினால் முதலில் நிற்பது அவ்வொரு மணி நேரமே. நிறுத்துவோர் வேறு எவருமல்லர், நாமே.

மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிய பெரியோர், கெஹிம்கரைப் போன்றே, வந்த ஊரில் தம் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று தொடங்கியவர்கள். இன்று அச்சங்கத்துக்கு நெருளிலேயே பெரிய கல்வி வளாகம் உண்டு. அதன் வாயில்கள் எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருக்கின்றன. அவ்வாறு இருப்பதே பெருமை. மாநிலத் தேர்வு வாரியத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ராஜ்புர்கர் காலத்து எபிரேயத்துக்குக் கிடைத்த அதே மதிப்பெண் வாயில் அது. அவ்வாயிலில் எத்தனை பேர் நுழைகின்றோம் என்பது வேறு கணக்கு.

கடல் கடந்து சென்ற பெனே இஸ்ரேலரின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் கணக்கையும் வரலாற்றையும் எபிரேயத்திலேயே கற்கின்றனர். ஒரு காலத்தில் கெஹிம்கர் கட்டணமும் நன்கொடையும் திரட்டிக் காத்த மொழி, அங்கே அரசினரே நடத்தும் பொதுப்பாடமாகிவிட்டது. மறையும் நிலையிலிருப்பது இப்போது மராத்தி. மே முதல் நாளில் அங்கே மகாராஷ்டிர தினம் கொண்டாடுகின்றனர். 1980-களில் அவர்கள் மராத்தியில் தொடங்கிய பத்திரிகைக்கு 'மாய்போலி' என்று பெயரிட்டனர். அம்மராத்திச் சொல்லுக்குத் தாய்மொழி என்பது பொருள்.